யந்திரம் எழுதும் கதையும் கையொப்பமிடும் மனிதனும்

1952ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திலே சில காதற் கடிதங்கள் பிறந்தன. அன்பே, ஆருயிரே என்னும் விளிகளோடு தொடங்கி, ஏக்கமும் தாபமும் ததும்பும் நான்கைந்து வாக்கியங்களோடு முடிந்த அக்கடிதங்களின் அடியிலே ‘எம். யூ. சி.’ என்ற கையொப்பம் காணப்பட்டது. மாஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகக் கணனி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அது. காதலித்தது மனிதனன்று, ஓர் அறையை அடைத்து நின்ற யந்திரம்.

அதனை எழுதுவித்தவர் கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி என்பார். ஹறோ என்னும் புகழ்பெற்ற பாடசாலையிலே ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர் என்பதை ஆசிரியத் தொழிலைச் சேர்ந்த நாம் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாம். அவர் செய்த வித்தை பெரிதன்று. அன்பு பற்றிய பெயர்ச்சொற்கள், அடைமொழிகள், வினைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டார். அவை வந்து அமர்வதற்கு இரண்டொரு வாக்கியச் சட்டங்களை அமைத்தார். சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோலக் கணனி சொற்களை எடுத்து நிரப்பிற்று. படித்தவர் சிரித்தனர். ஸ்ரேச்சியும் அதனை ஒரு விளையாட்டாகவே கருதினார். ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அந்த யந்திரம் தன் கடிதத்திலே தன் பெயரையே இட்டது.

அதற்கு அடுத்த ஆண்டிலே, அதாவது 1953இல், ஆங்கில எழுத்தாளர் றோல்ட் டால் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியொன்றில் ஒரு விசித்திரமான கதை இடம்பெற்றது. கணிக்கும் பொறியொன்றை அமைத்த இளைஞன் ஒருவனுக்குக் கதாசிரியனாக வேண்டுமென்பது தீராத ஆசை. அவனுடைய கதைகளையோ சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இலக்கணமும் கணக்கைப்போல விதிகளுக்குட்பட்டதே என்று எண்ணிய அவன், பொத்தானை அழுத்தியவுடன் எந்தச் சஞ்சிகையின் போக்கிலும் கதை எழுதித் தரும் யந்திரம் ஒன்றைச் செய்கிறான். கதை அத்துடன் நின்றிருந்தால் வெறும் நகைச்சுவையாய்ப் போயிருக்கும். அவன் அடுத்துச் செய்வதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. நாட்டிலுள்ள எழுத்தாளர்களைத் தேடிச் சென்று, ‘இனி நீங்கள் எழுதவேண்டா, உங்கள் பெயரை மட்டும் எனக்குத் தாருங்கள், வாழ்நாள் முழுவதும் பணம் தருகிறேன்’ என்று ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுகிறான். ஒருவர் பின் ஒருவராகக் கையொப்பமிடுகின்றனர். இறுதியிலே, அடுத்த அறையிற் பசியால் அழும் பிள்ளைகளின் குரலைக் கேட்டபடி, கையொப்பமிடாது உட்கார்ந்திருக்கும் எழுத்தாளன் ஒருவனே இக்கதையைச் சொல்லுகிறான் என்பது தெரியவருகிறது.

யந்திரத்துக்கு எழுதத் தெரிந்த பின்னரும் மனிதனின் பெயர் தேவைப்படும் என்பதை டால் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, பதிப்புத்தொழில் பற்றி எழுதும் அமெரிக்க எழுத்தாளரான ஜேன் பிரீட்மன், அமேசன் புத்தக விற்பனைத் தளத்திலே தம் பெயரால் தாம் எழுதாத நூல்கள் பல விற்கப்படுவதைக் கண்டார். அவர் பகிரங்கமாக முறையிட்ட பின்னரே அவை அகற்றப்பட்டன. டாலின் கதையிலாவது பெயருக்கு விலை கொடுத்தார்கள்!

நிற்க. செயற்கை நுண்ணறிவு எனப்படும் இன்றைய யந்திரம் இலக்கியத்தை என்ன செய்யப்போகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நாள்தோறும் நம் காதில் விழுகின்றன. ‘இனி எழுத்தாளனே வேண்டா’ என்பார் ஒரு சாரார். ‘யந்திரத்துக்கு இதயமில்லை; அது கம்பனாகாது’ என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பெரும் புலவர்களையே நினைத்துப் பேசுகின்றனர். கம்பனுக்கு யந்திரத்தால் யாதொரு தீங்கும் நேரப்போவதில்லை. தீங்கு நேரக்கூடியவன் இன்னும் பெயர் பெறாதவன். தன் முதற் கதையை எழுதிப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறுதோறும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன். இதனை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. நடந்தே விட்டது.

அமெரிக்காவிலே நீல் கிளாக் என்பவர் 2006ஆம் ஆண்டு தொடங்கி ‘கிளாக்ஸ்வேர்ள்ட்’ என்னும் விஞ்ஞானக் கதைச் சஞ்சிகையை நடத்தி வருகிறார். பெயர் பெற்றவர், பெறாதவர் என்ற பேதமின்றி எந்நாட்டவரும் அதற்குக் கதை அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டாற் சொல்லுக்கு இவ்வளவென்று கணக்கிட்டுச் சன்மானம் வழங்கப்படும். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே சட்ஜிபிடி என்னும் எழுதும் யந்திரம் பொதுமக்களின் கைக்கு வந்தது. வந்த சில வாரங்களுள், யந்திரத்தைக்கொண்டு கதை எழுதிப் பணம் சம்பாதிப்பது எப்படி என்று இணையத்தில் உபதேசிப்போர் பலர் தோன்றினர். அவ்வுபதேசத்தைக் கேட்டவர்கள் கிளாக்கின் வாசலுக்கு வந்து சேர்ந்தனர். 2023 பெப்ரவரி 20ஆம் திகதிக்குள், அந்த ஒரு மாதத்தில் மனிதர் எழுதி அனுப்பிய கதைகள் ஏறத்தாழ 700. யந்திரம் எழுதியவை 500. அவற்றுட் பல ‘கடைசி நம்பிக்கை’ என்னும் ஒரே தலைப்பைத் தாங்கி வந்தனவாம். அன்றைய தினமே கிளாக் கதவை மூடிவிட்டார்.

அக்கதைகள் நன்றாயிருந்தமையால் அவர் கதவை மூடவில்லை. அவை படுமோசமாயிருந்தன என்றே அவர் கூறினார். ஆனால், மோசமான கதையையும் ஒருவர் எடுத்துப் பார்த்தே மோசமென்று சொல்லவேண்டும் அன்றோ? பத்திரிகை ஆசிரியருக்கும் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணித்தியாலந்தான். கதை அனுப்புவோரிடம் சிறு கட்டணம் அறவிடலாமே என்றனர் சிலர். அறிந்த எழுத்தாளர்களிடமிருந்து மட்டும் ஏற்கலாமே என்றனர் வேறு சிலர். கிளாக் இவற்றுக்கு இணங்கவில்லை. கட்டணம் விதித்தால் வறிய நாடுகளிலிருந்து எழுதுபவன் வெளியே நிற்பான். அறிந்தவரை மட்டும் ஏற்றால் புதியவன் ஒருபோதும் அறியப்படமாட்டான். வந்து குவிபவற்றை முதலிலே சலித்தெடுக்கும் ஏற்பாடொன்றைத் தாமே அமைத்து, அடுத்த மாதம் மீண்டும் கதவைத் திறந்தார். அவருடைய சஞ்சிகையிலே கதவு திறந்தது. அத்துணைப் பிடிவாதமில்லாத இடங்களிற் கதவை மூடிவைப்பதே எளிது.

(அமேசன் நிறுவனமும் 2023 செப்டெம்பரில் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு நாளிலே மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக வெளியிடலாகாது என்பதே அது. ஒரு நாளைக்கு மூன்று நூல் போதாதென்று வருந்தியவர்களும் இருந்திருப்பர் போலும்.)

இந்தக் கதவு பற்றி ஈழத்துத் தமிழர் சிந்திக்கவேண்டிய காரணம் உண்டு. எமது சிறுகதையும் புதுக்கவிதையும் பெரும்பாலும் பத்திரிகைத் திண்ணையிலே வளர்ந்த பிள்ளைகள். 1930இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஈழகேசரியும், பின்னர் வீரகேசரி, தினகரன் ஆகியவற்றின் வாரப் பதிப்புக்களும் இடங்கொடாதிருந்தால், எத்தனை பேர் இரண்டாவது கதையை எழுதியிருப்பர்? முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரான டொமினிக் ஜீவாவை எண்ணிப் பாருங்கள். பட்டமில்லை, செல்வமில்லை, சிபாரிசுக்கு ஆளில்லை. அவர் 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’, தம்மைப்போலக் கதவைத் தட்டிய எத்தனையோ பேரை உள்ளே அழைத்தது. நாளை ஓர் ஆசிரியரின் மேசையில் ஆயிரம் யந்திரக் கதைகள் குவிந்து கிடக்குமாயின், அவற்றின் அடியிலே கிடக்கப்போவது ஜீவாவைப் போன்ற ஒருவரின் முதற் கதையாகவும் இருக்கலாம்.

இவ்வியந்திரம் எழுதுவது எவ்வாறு என்பதைச் சற்று அறிந்துகொண்டால், அது எழுதுவதன் இயல்பும் விளங்கும். ‘யானைக்கும் அடி’ என்று ஆசிரியர் தொடங்கினால் வகுப்பு முழுவதும் ‘சறுக்கும்’ என்று ஒரே குரலில் முடிக்கும். பிள்ளைகள் யானையைப் பற்றிச் சிந்தித்து அவ்வாறு சொல்லவில்லை. அடுத்து வருஞ் சொல் எதுவென்பது காதுக்குப் பழகிவிட்டது. யந்திரமும் இத்தகையதே. இலட்சக்கணக்கான நூல்களையும் பத்திரிகைகளையும் கடிதங்களையும் அதற்கு ஊட்டியுள்ளனர். எச்சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் என்னும் கணக்கை அவற்றிலிருந்து அது பழகிக்கொண்டது. கேட்டவுடன் அக்கணக்கின்படி துண்டுதுண்டாகக் கோத்துத் தருகிறது. ஸ்ரேச்சியின் யந்திரத்துக்கு ஒரு சிறு சொற்பட்டியல் இருந்தது; இதற்கோ மனிதர் எழுதிவைத்தவற்றுள் மிகப் பெரும் பகுதி இருக்கிறது. ஆதலின் பலர் பல முறை நடந்த பாதையே இதற்கு இலகுவான பாதை.

பலர் நடந்த பாதை வாசகருக்கும் இலகுவானது என்பதே இங்குள்ள சங்கடம். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2024இலே ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். சோசர், சேக்ஸ்பியர், வோல்ற் விற்மன், எமிலி டிக்கின்சன், ரி. எஸ். எலியற் முதலிய பத்துக் கவிஞரின் பாடல்களையும், அவர்களைப்போல எழுதுமாறு யந்திரத்தைப் பணித்துப் பெற்ற பாடல்களையும் கலந்து, கவிதைப் பயிற்சி இல்லாத 1,600க்கும் மேற்பட்ட வாசகரிடம் கொடுத்தனர். எது மனிதருடையது, எது யந்திரத்தினது என்று சரியாகச் சொன்னமை நூற்றுக்கு 46 அல்லது 47 தடவையே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஐம்பது கிடைத்திருக்கும்! மற்றொரு பரிசோதனையில், யந்திரப் பாடல்களுக்கே அழகிலும் ஓசையிலும் கூடிய புள்ளிகள் விழுந்தன. காரணம் யாதெனின், அவை உடனே விளங்கின. எலியற்றின் பாடல் உடனே விளங்குவதில்லை. விளங்காத இடத்தைக் கண்டவர்கள், ‘இது யந்திரத்தின் உளறல்’ என்று எண்ணினர்.

இதனைக் கொண்டு கவிதை தோற்றதென்று கூறுவார் கூறட்டும். வாசிக்கக் கற்பிப்பதில் நம் பாடசாலைகள் எங்கே நிற்கின்றன என்றே யான் கேட்பேன்.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதனினும் கூர்மையானது. ஏறத்தாழ முந்நூறு பேரைச் சிறு கதைகள் எழுதச் சொல்லி, சிலருக்கு மட்டும் யந்திரத்திடமிருந்து கருப்பொருள் பெற இடமளித்தனர். யந்திரத்தின் உதவி பெற்றவர்களின் கதைகள் கூடுதலாகப் பாராட்டுப் பெற்றன. கற்பனை குறைந்தவர்கள் பெற்ற நன்மையே அதிகம். ஆனால் எல்லாக் கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உதவி பெற்றவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. மரம் ஒவ்வொன்றும் செழித்தது. தோப்போ ஒரே சாதியாயிற்று.

ஆய்வாளர் கண்டதை யானும் ஒரு நாள் கொப்பிகள் திருத்துகையிற் கண்டேன். ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்னுந் தலைப்பிலே வீட்டில் எழுதி வரும்படி வகுப்புக்குக் கூறியிருந்தேன். எட்டுக் கட்டுரைகள் ஒரே தாயின் பிள்ளைகளாய் வந்து நின்றன. எல்லாவற்றிலும் கதிரவன் பொற்கதிர் பரப்பினான். வண்ண வண்ணக் கனிகள் கண்ணைக் கவர்ந்தன. வியாபாரிகளின் குரல்கள் இனிய இசையாய் ஒலித்தன. மாலையில் அமைதி குடிகொண்டது. பிழையென்று சொல்ல ஒரு புள்ளியுமில்லை. எங்கள் சந்தையும் அவற்றில் இல்லை. மீன் வெட்டும் பலகையில்லை, ஒடியல் இல்லை, விலை பேசிச் சண்டையிடும் ஒரு கிழவியும் இல்லை. ஒன்பதாவது கொப்பியில் ரகர றகரம் தாறுமாறாகக் கிடந்தது. ஆனால் அதிலே அந்த மாணவனின் அம்மம்மா முருங்கைக்காய்க் கட்டோடு சந்தைக்குப் போனாள். பாதிக்கு மேல் விலைப்படாமல் திரும்பினாள். ‘விக்காத முருங்கைக்காய் திரும்பி வரேக்கை பாரம் கூட’ என்று அவள் சொல்வதுண்டாம்.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. தொகுத்தவர்கள் என் செய்தனர்? அவரவர் பாட்டிலே அமைந்த அருஞ்சொல்லையே அவருக்குப் பெயராக இட்டனர். குடியோடிப்போன வீட்டின் முற்றத்திலே அணில் விளையாடுவதைக் கண்டு பாடியவர் அணிலாடு முன்றிலார். குப்பைமேட்டிலே, ஏவுவாரும் விலக்குவாருமின்றிப் பொருதும் கோழிகளைப் பாடியவர் குப்பைக்கோழியார். ஒரு சொல்லை மற்றெவரும் அவ்வாறு சொல்லியிரார் என்ற துணிவு இருந்தாலன்றி, அச்சொல்லை ஒருவருக்குப் பெயராக இடமுடியாது. எட்டுக் கட்டுரைகளிலும் அப்படிப் பெயரிடத்தக்க ஒரு சொல்லைத் தேடினேன், அகப்படவில்லை. ஒன்பதாவது கொப்பிக்காரனை அன்று முதல் ‘மீள்சுமையார்’ என்று அழைத்து வருகிறேன். ரகர றகரத்துக்குக் குறைத்த புள்ளியைக் குறைத்தபடியே விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அங்ஙனமாயின் யந்திரத்தைத் தொட்ட கை எழுத்தாளன் கையன்று என்று விலக்கிவிடலாமா? அதுவும் பொருந்தாது. யப்பான் நாட்டிலே 1935ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்பட்டுவரும் அகுதகாவா பரிசு, புது எழுத்தாளருக்கு அந்நாடு அளிக்கும் பெருஞ் சிறப்பு. 2024 சனவரியில் அதனைப் பெற்ற றியே குடான் என்னும் பெண்மணி, தம் நாவலின் நூற்றுக்கு ஐந்து பங்கு வாக்கியங்கள் யந்திரத்திடமிருந்து அப்படியே எடுத்தவை என்று தாமே கூறினார். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. தோக்கியோ நகரிலே குற்றவாளிகள் சுகமாக வாழ்வதற்கென எழுப்பப்படும் ஒரு கோபுரச் சிறைச்சாலை பற்றியது அந்நாவல். எவரையும் நோகாத, எதையும் சொல்லாத மழுப்பற் பேச்சு மனிதரிடையே எவ்வாறு பரவுகிறதென்பதே அதன் உள்ளுறை. கதைமாந்தர் யந்திரத்தைக் கேள்வி கேட்கின்றனர். அது கூறும் விடைகளுக்கே குடான் உண்மை யந்திரத்தின் வாக்கியங்களைப் பயன்படுத்தினார். வழவழப்பான பேச்சுக்கு வழவழப்பான வாயையே தேடிப் பிடித்தார் எனலாம். எங்கே, ஏன், எவ்வளவு என்று கேட்டால் அவரிடம் விடை இருந்தது. எனது கருத்தில் அந்நாவல் முழுவதும் அவருடையதே. அந்த ஐந்து பங்கும் அவருடையதே.

சட்டமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே செல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கத்தைப் படைத்த மனிதனையே ஆக்கியோன் என்கிறது. யந்திரமே முழுக்கப் படைத்ததென்று கூறப்படும் ஆக்கத்துக்குப் பதிப்புரிமை கிடையாதென்று 2025 மார்ச்சில் வாஷிங்ரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஹொலிவூட் கதைவசன எழுத்தாளரும், யந்திரத்தை எழுத்தாளராகக் கொள்ளலாகாதென்று ஒப்பந்தத்தில் எழுதுவித்தே வேலைக்குத் திரும்பினர்.

யந்திரத்துக்கு ஊட்டிய நூல்களின் கதையோ வேறு. அந்திரொபிக் என்னும் அமெரிக்கக் கம்பனிமீது எழுத்தாளர் மூவர் தொடுத்த வழக்கில், நூல்களைக் கொண்டு யந்திரத்தைப் பழக்குவது குற்றமன்று, ஆனால் களவுப் பிரதிகளைத் திரட்டிச் சேமித்தது வேறு விடயம் என்று 2025 யூனில் நீதிபதி கூறினார். செப்டெம்பரில் அக்கம்பனி 150 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க உடன்பட்டது. நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 டொலர். ஏறக்குறைய ஐந்து இலட்சம் நூல்கள். பெருந்தொகைதான். எனினும், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்திற் பதிவு செய்யப்பட்ட நூல்களுக்கே அதிற் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கைக்காசு போட்டு முந்நூறு பிரதி அச்சடித்தவர் வாஷிங்ரனிலே பதிவு செய்யச் சென்றிருப்பாரா?

சில வாரங்களின் முன் வகுப்பு முடிந்து வெளியே வருகையில் மீள்சுமையார் என்னை வழிமறித்தான். “சேர், அம்மம்மாவின்ரை கதை முழுக்க நான் சொல்ல, அது எழுதித் தந்தால், எழுதினது ஆர்?” என்று கேட்டான். கையிலே அச்சடித்த தாள்கள் மூன்று இருந்தன. அவன் ஏற்கனவே செய்து பார்த்துவிட்டான் என்பது விளங்கிற்று.

தாளை வாங்கிப் படித்தேன். முதற் பந்தியிலேயே கதிரவன் பொற்கதிர் பரப்பிக்கொண்டிருந்தான். அம்மம்மா ‘முதிய மூதாட்டி’ ஆகியிருந்தாள். அவள் நெஞ்சிலே நம்பிக்கைச் சுடர் ஒளிர்ந்தது. “இதை உன் பெயரோடு பத்திரிகைக்கு அனுப்பினால், அம்மம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்பாவா?” என்றேன். “கட்டாயம் கேட்பா, சேர்.” “கேட்டுவிட்டு, இந்த இடத்தில் ஏனடா இப்படிச் சொன்னாய் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டால், விடை சொல்லுவாயா?”

அவன் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் வைத்தே, கதிரவனை முதலில் வெட்டினான்.